அரை மில்லிமீட்டர் துரு

டெலானிபூரில் வீடு கட்டுகிறவர் கம்பிக்குக் கப்பலைத்தான் நம்ப வேண்டும். பெருநிலத்திலிருந்து வந்து இறங்கும் டிஎம்டி கம்பி, வேலை தொடங்கும்வரை மனையில் கிடக்கும். ஸ்ரீவிஜயபுரத்தின் (பழைய போர்ட் பிளேர்) உப்புக்காற்றில் சீக்கிரமே அதன்மேல் காவி படிந்துவிடும். “மேல்துருதானே, பிரஷ் போட்டுத் தேய்ச்சா போச்சு” என்பார் கம்பி கட்டுபவர். மேலோடு நின்றால் அவர் சொல்வது சரி. ஆழமாக இறங்கினால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிது.

காரணம் கம்பிக்குள் இருக்கிறது. 16 எம்எம் கம்பியைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தைப் பளபளவென்று தேய்த்து, ஆல்கஹால் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவினால், விளிம்பை ஒட்டி ஒரு கருத்த வளையம் தெரியும். நடுப்பகுதி வெளிறியே இருக்கும். இரண்டும் ஒரே எஃகு. பிரித்து வைத்தது தண்ணீர். ஆலையில் செந்தணலாக வெளிவரும் கம்பிமீது தண்ணீரைப் பீய்ச்சும்போது, தோல் மட்டும் சட்டென்று குளிர்ந்து ‘மார்ட்டன்சைட்’ என்னும் கடின அமைப்பாகிறது. உள்ளே மிஞ்சிய சூடு வெளியே பரவி, தோலின் நொறுங்கும் குணத்தைத் தணிக்கிறது. மெதுவாக ஆறும் நடுப்பகுதி மென்மையாகவே நின்றுவிடுகிறது. தோல் வலிமை தரும், நடு வளைந்துகொடுக்கும். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் குலுங்கிய இந்த அந்தமான் தீவுக்கு இரண்டுமே வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். வளையத்தின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன், நடுப்பகுதிக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். வளையம் 1 மி.மீ. தடிமன் என்றால் கம்பியின் சராசரி வலிமை 470, ஒன்றரை மி.மீ. என்றால் 502. ‘எஃப்இ 500’ என்று முத்திரை குத்தக் குறைந்தது 500 வேண்டும். அரை மில்லிமீட்டரில் ஒரு கம்பி தேறுகிறது, இன்னொன்று தோற்கிறது.

இப்போது அந்தத் தேறிய கம்பியைச் சுற்றிலும் துரு அரை மில்லிமீட்டர் தின்றுவிட்டது என்போம். குறைந்த இரும்பு 12 சதவீதம்தான். குறைந்த வலிமையோ 17 சதவீதம்! துரு தின்றது அத்தனையும் வளையத்தை அல்லவா?

கம்பியின் வலிமையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் செய்வதும் இதே கணக்குதான், இன்னும் பொடிப்பொடியாக. வெட்டுமுகத்தை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வேகமாகக் குளிரும், என்ன அமைப்பாக மாறும், அதன் படிகத்துகள்கள் எவ்வளவு பெரியவை என்று கணிக்கின்றன. துகள் சிறுத்தால் எஃகு வலுக்கும் என்பதை 1951-இல் ஹாலும் 1953-இல் பெட்சும் காட்டியிருந்தார்கள். அந்த விதியும் கணக்கில் சேரும். பிறகு திரையிலேயே கம்பியை இழுத்துப் பார்க்கலாம். தண்ணீரின் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொரு முறையும் உலையை மூட்ட வேண்டியதில்லை. ஆனால் கணினி சொன்ன வளையமும் அமிலம் காட்டிய வளையமும் ஒத்துப்போனால்தான் மாதிரியை நம்பலாம்.

நம் கணக்கில் துரு சுற்றிலும் சீராகத் தின்றது; உப்பு தின்பதோ அப்படிச் சீராக அல்ல. குளோரைடு ஓரிடத்தைப் பிடித்துக் குழி பறிக்கும். அதனால்தான் காரைக்குடி சிக்ரி ஆய்வகம் கம்பிகளுக்கு சிமென்ட்-பாலிமர் பூச்சு ஒன்றை உருவாக்கியது. டெலானிபூர் மனையில் அதைவிட எளிய காவல்களும் உண்டு: கம்பியைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கித் தார்ப்பாய் மூடுவது, கான்கிரீட் போடும்முன், கம்பி அச்சுப்பலகையை ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கை வைக்க மறக்காமலிருப்பது. அவை காப்பது அந்த ஒன்றரை மில்லிமீட்டரை.