கொடிவழி – 9: தகரத்தில் குத்திய எண்

இலங்கைத் தோட்டத்துக்குப் போன முன்னோரின் இந்திய ஊரைத் தேடி, போன வாரம் ரத்தோட்டையில் நின்றோம். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பேரும் தோட்டத்தின் பேரும் இருக்கின்றன, இந்தியாவில் எந்த ஊர் என்பது மட்டும் இல்லை. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம், இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த தகர வில்லையை விட்டு நகர எனக்கு மனமில்லை.

1901-ல் வந்த ஏற்பாடு அது. ஆள் கட்ட ஊருக்குப் போகும் கங்காணியிடம் தோட்டம் வட்டமான தகர வில்லைகளைக் கொடுத்தனுப்பும். வில்லையில் ஓர் எழுத்து, எந்தத் தோட்டப் பகுதி என்பதற்கு. ஓர் எண், அந்தப் பகுதியில் எந்தத் தோட்டம் என்பதற்கு. இன்னோர் எண், ஆளுக்கு. பேர் கிடையாது. வில்லையைக் காட்டினால் வழிச்செலவை அரசாங்கம் போட்டு, பிறகு தோட்டத்திடம் வசூலித்துக்கொள்ளும். மனிதருக்கு எண் குத்தினார்களே என்று கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் தேடுகிறவருக்கு அந்த எண் பெரும் வரம். முத்துசாமி என்று தேடினால், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு நாலு முத்துசாமி. கிளாக்கர் ஒருவர் ‘முத்துச்சாமி’ என்பார், இன்னொருவர் ‘முத்தன்’ என்று முடித்துவிடுவார். எண்ணில் அந்த வம்பு இல்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படியொரு தகரம் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள்.

1901-க்கு முன் வந்தவர்களுக்கு வில்லை இல்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்களில் பலர். 2023-ல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடித்தார்களே ஒரு நடைபயணம், அது அந்த வழியை நினைத்துத்தான்.

வில்லை கிடைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது காட்டுவது முதலில் போய்ச் சேர்ந்த தோட்டத்தை. பிள்ளை பிறந்தது வேறு தோட்டமாக இருக்கும். பலர் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். கங்காணியின் கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ என்ற சீட்டு 1921-ல் ஒழிக்கப்படும்வரை, புதுத் தோட்டம் கடனைத் தலையில் ஏற்றுக்கொண்டால் கங்காணி தன் கூட்டத்தோடு பெயர்ந்துவிடுவார். கடன் போன வழியே குடும்பமும் போயிருக்கும். அதனால் தாத்தாவைத் தேடி அலுத்தவர்கள் பெரிய கங்காணியைத் தேடுங்கள். அவர் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் கட்டினார். அவர் ஊர் துறையூர்ப் பக்கம் என்று தெரிந்தால் உங்கள் ஊரும் அங்கேயே எங்காவது இருக்கக்கூடும்.

கங்காணி பேரும் தெரியாதா? குலதெய்வத்தின் ஊரைக் கேளுங்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் மாத்தளையிலிருந்து கோத்தகிரி வந்த குடும்பத்து வாசகர் ஒருவர், “எங்கள் குலதெய்வம் ரோதை முனி” என்று எழுதியிருக்கிறார். ஐயா, ரோதை முனி தேயிலை ஆலைச் சக்கரத்தில் குடியிருக்கும் சாமி; அவரே மலையில்தான் பிறந்தவர்! அவருக்கு முன்னால் கும்பிட்ட சாமி எது, முதல் முடி இறக்க எந்த ஊருக்கு நேர்ந்துகொண்டார்கள் என்று வீட்டுப் பெரிய மனுசிகளிடம் விசாரியுங்கள். ஆண்கள் தோட்டத்துப் பேரைச் சொல்வார்கள். பெண்களுக்குத்தான் சாமியின் ஊர் தெரியும்.

கடைசியாக ஒன்று. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. மறு வருடச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. இத்தனை காலம் இங்கே இருந்தோம், இவள் என் மனைவி, இவர்கள் என் பிள்ளைகள் என்று நிரூபிக்கச் சொல்லி வாங்கிய காகிதங்கள் அந்த விண்ணப்பங்கள். வீட்டில் அவற்றின் நகலோ நிராகரித்த கடிதமோ இருந்தால், தள்ளுபடியானதுதானே என்று ஒதுக்காதீர்கள். உங்கள் தேடலுக்கு அதைவிட நல்ல பத்திரம் கிடையாது.

மண்டபம் அடுத்த வாரம், நிச்சயம். 1917-ல் தொடங்கிய அந்த முகாமில் இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்தார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலரும் அங்கேதான் முதலில் தங்கினார்கள். அப்படித் திரும்பியபோது கிடைத்த குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் தேடி எடுத்து வையுங்கள்.