பாட்டுக்கு எத்தனை ஜிபி?

டேப்லட்டில் பாட்டு அமைக்க 256 ஜிபி வேணும் என்றார் போடிக் கடைக்காரர். அந்தக் கூடுதல் காசு, ராசிங்காபுரத்தில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகும் எங்கம்மாவின் பல நாள் கூலி. நோட்டில் கணக்குப் போட்டேன்.

ஒரு மைக்கில், 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் பதிந்தால் விநாடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு 8.64 எம்பி. நாலு நிமிடப் பாட்டுக்கு 12 டிராக் என்றால் சுமார் 415 எம்பி. திரும்பத் திரும்பப் பாடி மூணு மடங்கானாலும் ஒன்றேகால் ஜிபிதான். மிடி டிராக்கில் ஒலியே கிடையாது, குறிப்பு மட்டும். நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா தாளில் எழுதுகிற மாதிரி. சில கிலோபைட்டில் அடங்கிடும். இடத்தைத் தின்பது வாத்திய ஒலித் தொகுப்புகள்தான். வேண்டியதை மட்டும் இறக்குங்கள்.

64 ஜிபியில் சிஸ்டம், ஆப் எல்லாம் போக 30 மிஞ்சினாலும் இருபது பாட்டு தாங்கும். முடித்ததைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கலாம்.

64-ஐயே வாங்கினேன். மிச்சத்தில் மைக் என்றேன். "மொதல்ல பரீட்சை ஃபீஸைக் கட்டுய்யா" என்றது அம்மா.