மடிக்கணினியில் இயங்குதளம் நிறுவுதல்: ‘டிரைவர் இல்லை’ என்னும் செய்தியும் பரிகாரமும்

மடிக்கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது, வேலை பாதியில் தடைப்பட்டு, தேவையான டிரைவர் இல்லை என்னும் பொருள்படும் செய்தி திரையில் தோன்றுவதுண்டு. பள்ளிகளின் கணினி அறைகளிலும் கள அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பலர் இதனை எதிர்ப்பட்டிருப்பர். செய்தி ஏறத்தாழ ஒன்றேயாயினும், அதற்குரிய காரணங்கள் பலவாகும். காரணத்தை ஆராயாமல் கைக்கு வந்த பரிகாரத்தைச் செய்பவர், கணினியில் இருந்த மதிப்பெண் பட்டியல்களையும் கள அளவீடுகளையும் மீளா வண்ணம் இழந்துவிடக் கூடும். ஆகவே, இச்செய்தி எக்கட்டத்தில், எதனால் எழுகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

டிரைவர் என்பது யாது?

தகவல்களைச் சேமிக்கும் தட்டு, தொடுபலகை, வைஃபை சாதனம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் கட்டளைகளை ஏற்கும் இயல்புடையது. இயங்குதளமோ பொதுவான கட்டளைகளையே இடுகிறது. அவற்றை அந்தந்தச் சாதனத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் சிறு நிரலே டிரைவர் எனப்படும். அது இல்லாவிடில், சாதனம் பழுதின்றி இருப்பினும் இயங்குதளத்துக்கு அது பயன்படாது.

பென் டிரைவிலிருந்து நிறுவத் தொடங்கும்போது, அதிலுள்ள ஒரு சிறிய இயங்குதளமே முதலில் நினைவகத்தில் ஏறி வேலை செய்கிறது. விண்டோஸ் முறையில் இதற்கு விண்டோஸ் பி.இ. என்று பெயர். தான் தயாரிக்கப்பட்ட காலத்தில் அதனுடன் சேர்க்கப்பட்ட டிரைவர்கள் மட்டுமே இதனிடம் உண்டு. பிற்காலத்தில் வந்த சாதனத்தை இது அறியாது போவதில் வியப்பில்லை. நிறுவும் பிரதி பழையதாகவும் கணினி புதியதாகவும் இருப்பதே இவ்விடர்ப்பாட்டுக்குப் பெரும்பாலும் மூலகாரணம்.

முதற் கட்டம்: நிறுவும் பிரதியையே படிக்க இயலாமை

2009ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 7-இன் நிறுவும் பிரதியில், யு.எஸ்.பி. 3.0 இணைப்புக்குரிய டிரைவர் சேர்க்கப்படவில்லை. 2015இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைக் கணினிகளிலோ, பழைய யு.எஸ்.பி. கட்டுப்பாட்டு அமைப்பு நீக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது விந்தையான நிலை உண்டாயிற்று. கணினியின் பயாஸ், பென் டிரைவைப் படித்து வேலையைத் தொடங்கி வைக்கும். பின்னர்ப் பொறுப்பேற்ற விண்டோஸ் பி.இ., தான் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ அதனையே காண இயலாமல், சி.டி. அல்லது டி.வி.டி. சாதனத்தின் டிரைவர் இல்லை என்று அறிவிக்கும். சி.டி. சாதனமே இல்லாத கணினியிலும் இச்செய்தி வந்தது பலரைக் குழப்பிற்று. விண்டோஸ் 7-க்கு உரிய பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவுற்றதால், வலையமைப்பில் இணையும் கணினிகளில் இனி அதனை நிறுவுதல் தகாது.

புதிய பதிப்புகளிலும் இத்தகைய செய்தி வருவதுண்டு. பதிவிறக்கிய கோப்பு சிதைந்திருப்பதும், பென் டிரைவ் பழுதுபட்டிருப்பதும் அதற்குரிய காரணங்களாகும். இந்நிலையில் எந்த டிரைவரைத் தேடிக் கொணர்ந்தும் பயனில்லை. கோப்பின் எஸ்.ஹெச்.ஏ. 256 எண்ணை, வெளியிட்டோர் தந்துள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். வேறுபடின் மீண்டும் பதிவிறக்கி, வேறொரு பென் டிரைவில் எழுதி, மற்றொரு துளையில் செருகிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் கட்டம்: தட்டு தென்படாமை

எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் தட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருப்பது மற்றொரு வகை. 2020இல் அறிமுகமான இன்டெல் பதினோராம் தலைமுறை முதற்கொண்டு, பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்னும் அமைப்பின் கீழ்த் தட்டு இணைக்கப்பட்டுள்ளது. அதற்குரிய டிரைவர் நிறுவும் பிரதியில் இல்லையெனில் தட்டு தென்படாது.

முதலில் பயாஸில் தட்டின் பெயர் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அங்கும் இல்லையெனில் குறை பெரும்பாலும் தட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கும், டிரைவரில் அன்று. பெயர் இருப்பின், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அந்த மாடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பெறுதல் வேண்டும். அது பெரும்பாலும் ஒரே கோப்பாகச் சுருக்கப்பட்டிருக்கும். அதனை மற்றொரு கணினியில் விரித்து, ஐ.என்.எஃப். என முடியும் கோப்பு உள்ள அடைவைப் பென் டிரைவில் வைத்து, லோட் டிரைவர் என்னும் பொத்தானின் மூலம் காட்டினால் தட்டு தென்படும். விரிக்காத கோப்பை அத்திரை ஏற்காது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவது எளிய வழியாகச் சொல்லப்படுகிறது. தட்டில் காக்க வேண்டியது ஒன்றுமில்லையெனில் இது பொருந்தும். ஆனால், வி.எம்.டி. இயங்கும் நிலையில் நிறுவிய விண்டோஸ் ஏற்கெனவே இருப்பின், அணைத்தபின் அது தொடங்க மறுக்கலாம். அது கண்டு தட்டு கெட்டுவிட்டதென முடிவு செய்து, பகுதிகளை அழித்துவிடுவோர் உளர். பெரும்பாலும் அமைப்பைப் பழையபடி மாற்றினாலே கணினி முன்போல் இயங்கும். இழப்புக்குக் காரணம் பழுதன்று, அவசரமே. பிட்லாக்கர் பூட்டு இடப்பட்ட தட்டாயின், பயாஸ் மாற்றத்துக்குப் பின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அவ்வெண்ணை முன்னதாகவே குறித்து வைத்தல் நலம்.

மூன்றாம் கட்டம்: நிறுவிய பின்னர்

நிறுவல் முடிந்தும் வைஃபை இயங்காமை பலருக்கும் நேர்வதே. டிரைவரைப் பெற இணையம் வேண்டும். இணையத்துக்கோ டிரைவர் வேண்டும். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்வது இம்முடிச்சை அவிழ்க்க உதவும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் நிற்கும் சாதனம் எதுவென்று பெயரால் விளங்காவிடில், அதன் வன்பொருள் எண்ணைப் பார்க்கலாம். பி.சி.ஐ. சாதனங்களில் தயாரிப்பாளரைக் குறிக்கும் பகுதி 8086 ஆயின், அது இன்டெல் சாதனமாகும். எல்லா டிரைவர்களும் ஒருங்கே கிடைக்கும் என்று விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற தளங்களை நாடலாகாது.

லினக்ஸில் பெரும்பான்மையான டிரைவர்கள் அதன் கருவிலேயே அடங்கியுள்ளன. எனினும் சில வைஃபை சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் என்னும் தனிக்கோப்பும் வேண்டும். 2023இல் வெளியான டெபியன் 12 முதல், இக்கோப்புகள் அதிகாரபூர்வ நிறுவும் பிரதியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

செய்யத்தக்கன

நிறுவத் தொடங்குமுன் தேவையான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்தல், பயாஸ் அமைப்புகளைப் படம்பிடித்து வைத்தல், தட்டு, வைஃபை ஆகியவற்றின் டிரைவர்களைத் தனிப் பென் டிரைவில் சேகரித்தல் ஆகிய மூன்றும் செய்யப்பட்டிருப்பின் இடர்ப்பாடு மிகவும் குறையும். பிழை தோன்றியபின், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு, பயன் தராவிடில் பழைய நிலைக்குத் திருப்பி, அதன் பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் மாணவருக்குக் கற்பிக்கும் முறையும் இதுவே.