உஷார்! உங்கள் சர்வரின் சாவி யார் பாக்கெட்டில்?

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிற கிளவுட் சர்வர் யார் பெயரில் இருக்கிறது? எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது? ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

"அதெல்லாம் சிஸ்டம் பார்க்கிற தம்பிக்குத்தான் தெரியும்" என்று வாயில் வந்துவிட்டதா?

அப்படியானால் கொஞ்சம் உட்காருங்கள். இது உங்களுக்குத்தான்.

நான் வரிக் கணக்குப் பார்ப்பவள். கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. ஆனால் சர்வர் போன மறுநாள் முதலாளிகள் முதலில் ஓடி வருவது எங்கள் வாசலுக்குத்தான். அந்த முகங்களைப் பார்த்த பயத்தில் எழுதுகிறேன்.

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவர். பெயர் வேண்டாம், மனிதர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். சுற்றுவட்டாரத்து மெடிக்கல் ஷாப்புகளுக்கெல்லாம் சரக்குப் போடுகிறவர். ஆபீஸில் மேசைக்கு அடியில் ஒரு பழைய சர்வர் வைத்திருந்தார். ஏசி தண்ணீர் சொட்டி அது ஒருநாள் படுத்துவிட்டது. "கிளவுடுக்குப் போயிடுங்கண்ணே, வீட்டிலிருந்தே பில் பார்க்கலாம்" என்றார்கள். நல்ல யோசனைதான். எலியும் ஏசித் தண்ணீரும் இல்லாத இடத்தில் கணக்கு இருப்பது நல்லதே. யாரிடம் வாங்கினார், எப்படி வாங்கினார் என்பதில்தான் வினை.

சிஸ்டம் பார்க்கிற தம்பிக்குத் தெரிந்த ஒரு ரீசெல்லர். அதாவது, பெரிய கம்பெனியிடம் மொத்தமாக இடம் எடுத்து, துண்டு போட்டு வாடகைக்கு விடுகிறவர். மற்றவர்கள் சொன்னதில் பாதி விலை. மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் இன்னும் தள்ளுபடி. கட்டிவிட்டார்.

பதினான்கு மாதம் ஜோராக ஓடியது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, பில் போடுகிற பெண் போன் செய்தாள். "சார், லாகின் ஆகமாட்டேங்குது."

ரீசெல்லர் போன் ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப். மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. இவரிடம் வாங்கிய பணத்தை ரீசெல்லர் மேலிடத்துக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். அவர்களும் எச்சரிக்கை மெயில் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள், ரீசெல்லருக்கு. பதில் இல்லை என்றதும் முடக்கினார்கள்.

இவர் நேராகப் பெரிய கம்பெனிக்கே போன் போட்டார். "உங்கள் பெயரில் எங்களிடம் கணக்கே இல்லை சார்" என்றார்கள். கடை லைசென்ஸ், ஜிஎஸ்டி சான்றிதழ், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் அனுப்பினார். ரசீது யார் கொடுத்தது? ரீசெல்லர் கொடுத்தது. செல்லவில்லை. முடக்கிய கணக்கை வைத்திருக்கும் கெடு முடிந்தது. அழித்துவிட்டார்கள்.

"பேக்கப் இருக்குமே?" என்று நானும் கேட்டேன்.

இருந்தது. தினமும் ராத்திரி பதினோரு மணிக்குத் தவறாமல் எடுத்தார்கள். அதே சர்வரின் டி டிரைவில்.

மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தெருவில் நின்ற கதை.

இனி கேளுங்கள், என்னவெல்லாம் போனது என்று. ஏற்கெனவே தாக்கல் செய்த மாதங்களின் பில் நம்பர், தொகை, வரி ஆகியவை ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்தன. அது புண்ணியம். ஆனால் எந்தக் கடைக்கு எந்த மருந்து, எந்த பேட்ச், எந்த எக்ஸ்பைரி என்பது அந்தப் போர்ட்டலுக்குத் தெரியாது. காலாவதிச் சரக்கைக் கம்பெனிக்குத் திருப்பவேண்டுமானால் பேட்ச் நம்பர் வேண்டும். மருந்து விற்பனைப் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது லைசென்ஸ் விதி. ஜிஎஸ்டி சட்டமோ, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திரு என்கிறது. அதிகாரி வந்து கேட்டால் "சர்வர் போயிடுச்சு சார்" என்பது பதிலாகாது.

அதைவிடப் பெரிய அடி பாக்கிப் பட்டியல். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்த சர்வரில் மட்டும்தான் இருந்தது. கடை கடையாக ஏறி இறங்கினார். "போன மாசமே கொடுத்துட்டேனே அண்ணாச்சி" என்று சிலர் சொன்னார்கள். உண்மையா, பொய்யா? எதை வைத்து மறுப்பது? வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பில் பிடிஎஃப்களைத் தேடித் தேடி, இரண்டு பெண்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அந்த மாதத்து ரிட்டர்ன் தாமதம். தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சர்வரில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

"ரீசெல்லரிடம் வாங்கியதால்தான் இப்படி, பெரிய கம்பெனியிடமே வாங்கினால் பயமில்லை" என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளில் ஒன்றான ஓவிஎச்-இன் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒரே ராத்திரியில் எரிந்துபோனது. லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் நின்றன. கிளவுட் என்றால் மேகம் என்று அர்த்தமே தவிர, அதுவும் ஒரு கட்டடம்தான். கரண்ட் ஓடும். தீப்பிடிக்கும். பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டிய ஒரு வாடிக்கையாளர், தன் பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தது என்பதை அது எரிந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். வழக்குப் போட்டார். ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி 2023-ல் தீர்ப்பு வந்தது. இரண்டு வருடம் கழித்து. உங்களால் அதுவரை கடை நடத்தமுடியுமா?

2024 மே. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அங்கே இருக்கிறது. அவர்கள் இருந்தது கூகுள் கிளவுடில், அதுவும் இரண்டு இடங்களில் பிரதி வைத்து. கூகுள் தரப்பில் செட்டப் செய்யும்போது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், அவர்களுடைய பிரைவேட் கிளவுட் அழிந்தது. இரண்டு இடத்துப் பிரதியும் சேர்ந்தே! உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீள்வதற்கு எது கைகொடுத்தது தெரியுமா? வேறொரு கம்பெனியிடமும் ஒரு பேக்கப் வைத்திருந்தார்கள்.

அந்த வேறொரு கம்பெனி உங்களுக்கு உண்டா?

இல்லாதவர் கதை ஒன்று. கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனி, 2014 ஜூன். அமேசான் கிளவுடில் இருந்த அவர்களுடைய கன்ட்ரோல் பேனலுக்குள் ஒருவன் புகுந்துவிட்டான். பணம் கேட்டான். பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தார்கள். அவனோ முன்பே இரண்டு மூன்று கள்ளச் சாவி செய்து வைத்திருந்தான். கோபத்தில் அழிக்கத் தொடங்கினான். சர்வர், டேட்டா, பேக்கப் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன. பன்னிரண்டு மணி நேரத்தில் கம்பெனியே முடிந்தது. திரும்பத் திறக்கவில்லை.

சரி, உங்கள் வீட்டில் நெருப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் உஷாராகிவிடுங்கள்.

கணக்கு உங்கள் மெயிலில் இல்லை. இதுதான் முதல் அபாயம், பெரிய அபாயமும். சர்வர் கணக்கு, டொமைன் பெயர் இரண்டும் கடையின் மெயில் ஐடியில், கடையின் போன் நம்பரில் இருக்கவேண்டும். இன்வாய்ஸ் உங்கள் ஜிஎஸ்டி நம்பரில் வரவேண்டும். தம்பி நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. நாளைக்கு அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டால்? அவருக்கு வேலை செய்வதற்கான அனுமதியைத் தனியாகக் கொடுங்கள். உரிமையாளர் சாவியை நீங்கள் வைத்திருங்கள்.

"பேக்கப் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்." இந்த வாக்கியத்தைக் கேட்டால் காது கூசவேண்டும். எங்கே எடுக்கிறீர்கள்? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? மூன்று கேள்விக்கும் நேரான பதில் வரவேண்டும். ஸ்னாப்ஷாட், அதாவது சர்வரின் அப்போதைய நகல், எடுக்கிறோம் என்பார்கள். அது அதே கணக்கில் இருந்தால், கணக்கு போகும்போது அதுவும் போகும். டென்மார்க்கில் கிளவுட்நோர்டிக் என்ற கம்பெனியை 2023 ஆகஸ்டில், டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, சர்வரோடு பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு எதுவும் திரும்பவில்லை. ஆகவே ஒரு பிரதி ஹோஸ்டிங் கம்பெனியின் கைக்கே எட்டாத இடத்தில் இருக்கட்டும். வேறு கம்பெனி, இல்லையென்றால் உங்கள் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க். எழுதி முடித்ததும் கழற்றி வைக்கிற டிஸ்க். செருகியே வைத்திருந்தால் ஹேக்கர் அதையும் பூட்டிவிடுவான்.

"99.9 சதவீதம் ஓடும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். வெறும் 99 என்றால் ஏறத்தாழ ஏழேகால் மணி நேரம். அதற்கு மேலும் நின்றால்? உங்கள் வியாபார நஷ்டத்தைத் தருவார்கள் என்றா நினைத்தீர்கள்? வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். அதையும் நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.

உலகத்துக்கே திறந்து கிடக்கிற ரிமோட் டெஸ்க்டாப். டேலியையோ பில்லிங்கையோ வீட்டிலிருந்து திறக்க, ஐபி நம்பரும் பாஸ்வேர்டும் மட்டும் போதும் என்று கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் 3389 என்ற கதவு திறந்தே கிடக்கலாம். நீங்கள் தூங்கும்போதும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும் ரோபோக்கள் உண்டு. கடை பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு எத்தனை நாள் தாங்கும்? விபிஎன் என்ற தனிப் பாதை வேண்டும். ஓடிபி வேண்டும். நின்றுபோன ஊழியரின் லாகினை அன்றைக்கே மூடவேண்டும். ஹோஸ்டிங் கம்பெனி கட்டடத்தைத்தான் காக்கும். உங்கள் அறைக் கதவைப் பூட்டுவது உங்கள் வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். படித்தீர்களா? நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

டாலர் பில்லும் கார்டும். ஆரம்ப விலை ஒன்று, இரண்டாம் வருட விலை வேறு. டேட்டாவை வெளியே எடுத்தால் தனிக் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து அமேசானில் பொது ஐபி முகவரிக்கும் மணிக்கணக்கில் காசு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிஜ ஆபத்து வேறு. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் தானாகக் கழியும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகிற தானியங்கிப் பணம் அடிக்கடி தடைபடும். யாருமே திறக்காத மெயிலுக்கு நினைவூட்டல் போகும். கையில் பணம் இருந்தும் சர்வர் முடங்கும். என்ன கொடுமை பாருங்கள்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியா? அப்படியானால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி இருக்கவேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த விதி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜெர்மனி சர்வரை மட்டும் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வரில் யாராவது புகுந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லவேண்டும் என்பதும் அதே வருடத்து உத்தரவு. இது பலருக்குக் காதில்கூட விழுந்ததில்லை.

சேரும்போதே விலகும் வழியைக் கேளுங்கள். முழு டேட்டாவை எந்த வடிவத்தில் தருவீர்கள், எத்தனை நாளில், எவ்வளவு காசுக்கு? கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அவர்கள் சப்போர்ட் நம்பருக்கு போன் போடுங்கள். மனிதர் எடுக்கிறாரா பாருங்கள். வாடிக்கையாளர் ஆவதற்கு முன்னாலேயே எடுக்காதவர்கள், பிறகா எடுக்கப்போகிறார்கள்?

மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். மாதாமாதம் கட்டி ஆறு மாதம் பாருங்கள்.

அந்த மதுரைக்காரர் இப்போது வேறு இடத்தில் சர்வர் வைத்திருக்கிறார், தன் பெயரிலேயே. சனிக்கிழமை சாயங்காலம் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது ஒரு கடையின் பாக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

நீங்கள் சனிக்கிழமைவரை காத்திருக்கவேண்டாம். இன்று கடை சாத்துவதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டு, நேற்றைய பேக்கப்பை சர்வருக்கு வெளியே, உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்ணே" என்று சொன்னால் விடாதீர்கள்.