அந்த மூன்று விநாடி!

கல்யாணமாகி, குழந்தைக்கு மூன்று வயதான பிறகு பி.எட். சேர்ந்தவள் நான். "முன்னாடி மாதிரி ஒரு வருஷம்னா பரவாயில்லே. இப்ப ரெண்டு வருஷமாமே!" என்று மாமியார் இழுத்தார். 2015-ல்தான் அது இரண்டு வருஷப் படிப்பானது. "படிக்கட்டும்மா" என்று என்னவர் ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார்.

வீடு சிதம்பரத்தில், பயிற்சிக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் கடலூரில். விடியற்காலையில் எழுந்து, சமையலை முடித்து, தூங்குகிற குழந்தையை மாமியார் பக்கத்தில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

கல்லூரியில் முதலில் 'மைக்ரோ டீச்சிங்' இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவான முறை. சில நிமிஷப் பாடம். கூடப் படிப்பவர்கள்தான் மாணவர்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறமையை மட்டும் பழக வேண்டும். கேள்வி கேட்பது, விளக்குவது, கரும்பலகையில் எழுதுவது என்று ஒவ்வொன்றாக. அதில் எனக்கு நல்ல பெயர்!

நிஜ வகுப்புக்குப் போனதும் சாயம் வெளுத்துவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்த டீச்சர், ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"பதினாலு கேள்வி கேட்டேம்மா. அதுல பதினொண்ணுக்கு நீயே பதில் சொல்லிட்டே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவரே விளக்கினார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் வகுப்புகளை ஆராய்ந்து, 1974-ல் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்களாம். அதையே மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்களாம். பதில் சொல்லாமல் விழிப்பது குறைகிறதாம்.

அன்று ராத்திரி வீட்டில் சோதித்துப் பார்த்தேன். "ஸ்கூல்ல என்னடா பண்ணினே? விளையாடினியா? சாப்பிட்டியா?" என்று அடுக்குவதுதான் என் வழக்கம். அன்றைக்கு ஒரே கேள்வியோடு நிறுத்தி, மனசுக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

"நான் அழுதேம்மா. நீ காலையிலே இல்லே."

இத்தனை நாளாக அதைச் சொல்லக்கூட நான் இடம் கொடுக்கவில்லையே! வாரி மடியில் போட்டுக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வு நாளும் வந்தது. வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள். எட்டாம் வகுப்பு அறிவியல். ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போட்டேன், மூழ்கியது. நாலைந்து கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். முட்டை மேலே வந்தது!

"ஏன் மேலே வந்தது?"

வகுப்பில் கப்சிப்! ஒரு தேர்வாளர் பேனாவை எடுத்தார். போச்சு, மார்க் போச்சு! பதில் நாக்கு நுனியில் துடிக்கிறது. சொல்லிவிட்டால் பாடம் தடையில்லாமல் ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்று... நான்கு... ஐந்து...

கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை வாயே திறக்காத ஒரு மீனவப் பெண் எழுந்தாள். "டீச்சர், ஆத்துல நீஞ்சறதைவிட கடல்ல உடம்பு லேசா இருக்கும்னு எங்கப்பா சொல்வாங்க. உப்புத் தண்ணி கனம் ஜாஸ்தி. அதான் தூக்குது."

நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதையும், முட்டை மிதக்க அதைவிட அதிக உப்பு தேவை என்பதையும் மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

தேர்வாளர் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்டில் இரண்டு படம் சரியில்லை என்று மட்டும் சொன்னார்! ஆனாலும் பாஸாகிவிட்டேன்.

இனி ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. 150 கேள்விகளில் 30 குழந்தைகளின் வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் மடியில் வந்து உட்காருகிறது என் சொந்தப் பாடம்!

சகோதரிகளே, இன்று மாலை உங்கள் குழந்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். பதில் உங்களையே அசத்தினாலும் அசத்தும்.