பழைய வண்டியும் விற்றவரின் வாய்ச்சொல்லும்

புதுச்சேரித் தேங்காய்த்திட்டில், துறைமுகத்துப் பக்கம் கைமாறும் பழைய படகு என்ஜினாயினும் சரி, தெருமுனையில் பேசி முடிக்கும் ஸ்கூட்டராயினும் சரி, "சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி" என்ற வாய்ச்சொல்லை வேதவாக்காகக் கொண்டு ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் மெக்கானிக் சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி வெல்டிங் தழும்பைக் காட்டும்போது திகைத்து நிற்பவர்கள் குறையவேயில்லை. அடுத்து அவர்கள் செய்யும் காரியங்களோ அதனினும் பரிதாபம்: ஒருவர் விற்றவர் வாசலில் சண்டையிட்டுத் தம்மீதே புகார் வாங்கிக்கொள்கிறார், இன்னொருவர் அவசரப்பட்டு வண்டியைச் செப்பனிட்டுச் சாட்சியத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பனையைத் தொழிலாகக் கொண்டவரை நோக்கியது. பழைய வண்டி வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமுமில்லை. தம் சொந்த வண்டியை விற்ற அடுத்த தெருக்காரர்மீது அங்கே போவது பெரும்பாலும் வீண் அலைச்சல். முன்பு இங்கே நடந்த பிரெஞ்சுக்காரர் சிவில் சட்டம், தன் 1641-ஆம் பிரிவில், மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரையே பொறுப்பாக்கியது. இன்று நமக்குள்ள 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமோ, தனியார் விற்கும் பொருளின் தரத்தைப் பரிசோதிக்கும் பாரத்தைப் பெரும்பாலும் வாங்குபவர் தலையிலேயே வைக்கிறது.

அதற்காகப் பொய் சொல்லி விற்கலாமென்று அர்த்தமில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரை வியாபாரம் உதாரணமாக வருகிறது. குதிரையின் குறையை அறிந்தும் விற்பவர் வாயைத் திறக்காமலிருந்தால் அந்த மௌனம் மாத்திரம் மோசடியாகாது. ஆனால் வாங்குபவர், "நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன்" என்று சொல்லியும் அவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகிவிடுகிறது. ஆகவே பணம் கைமாறுமுன், "இது விபத்தில் சிக்காதது, கடன் பாக்கி இல்லாதது, மீட்டர் திருப்பப்படாதது, நீங்கள் மறுக்காவிட்டால் இதை நம்பியே வாங்குகிறேன்" என்று விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதைக்கூடச் செய்யாதவருக்கு எந்த வக்கீல் என்ன செய்துவிட முடியும்?

ஏமாந்தது தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்குண்டு. உண்மை தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டேயிருந்தால், குறையை ஏற்றுக்கொண்டீர்கள் என்றே எதிர்க்கட்சியார் வாதிடுவார். மெக்கானிக்கிடம் தேதியிட்டுக் கையொப்பமிட்ட அறிக்கை வாங்கி, படங்கள் எடுத்து, விற்றவர் சொன்னது, உண்மையில் கண்டது, கொடுத்த தொகை, பணத்தைத் திருப்பித்தர வேண்டிய கெடு ஆகிய நான்கையும் எழுதி, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பழைய செல்போனை விற்றுவிடாதீர்கள். அதிலுள்ள செய்திகளை நீதிமன்றத்தில் வைக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று கூறிக் கைகழுவும் வழக்கம் நமக்குப் புதிதன்று. விற்கும்போதே தெரிந்து பொய் சொன்னார் என்ற விஷயத்தைப் புகாரிலேயே தெளிவாக எழுதினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுக் குற்றம். வழக்குப் பதிய மறுத்தால், புகாரை எழுத்துமூலம் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிடில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பணத்தைத் திரும்பப் பெறும் இடம் சிவில் நீதிமன்றமே. அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் சமரசம் கண்டால், அந்தத் தீர்வு டிக்கிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கைக்கு வராமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்குள்ள கெடு 30 நாள்.

வழக்குத் தொடரக் காலவரம்பு, மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ஆயினும் தெரிந்த பின்னும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், தயவு செய்து, இன்றே நிறுத்துங்கள்.