இரத்த ஓட்டத்தின் ஓசை

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? நிற்காமல் விரையும் எக்ஸ்பிரஸ் வண்டி நெருங்கும்போது அதன் ஊதல் உச்சத்தில் ஒலிக்கும்; நம்மைக் கடந்ததும் சட்டென்று தாழ்ந்துவிடும். ஊதல் மாறவில்லை, நம்மை எட்டும் அதிர்வெண்தான் மாறுகிறது. இதுவே டாப்ளர் விளைவு. இதற்கான விதியை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் வெளியிட்டார். 1950-களில் ஜப்பானின் ஒசாகா நகரில் சட்டோமுரா என்பவர் இதை மீயொலியோடு இணைத்து மனித உடலில் பயன்படுத்தினார்.

செம்பாக்கத்தில் எங்கள் அண்டை வீட்டு அம்மாளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியது. மருத்துவர் 'டாப்ளர் ஸ்கேன்' எழுதிக் கொடுத்தார். "ஊசி குத்துவாங்களா தம்பி? கரண்டு வைப்பாங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை.

நடப்பது என்ன? முதலில் 'ஜெல்' என்னும் பசையைத் தடவுவார்கள்; சில்லென்றிருக்கும். காற்று மீயொலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பிவிடும். ஆகவே, தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகாமலிருக்கவே இந்தப் பசை. கருவி வினாடிக்குச் சுமார் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைச் செலுத்துகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டு மீளும்போது அதன் அதிர்வெண் சற்றே மாறுகிறது. இரத்தம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடி, ஒலிக்கற்றை அதனோடு 60 பாகைக் கோணத்தில் அமைந்தால், மாற்றம் ஏறத்தாழ 1,600 அதிர்வுகள். இது நம் செவிக்கு எட்டும் அளவு. அதனால்தான் அறையில் 'உஷ், உஷ்' என்று ஓசை கேட்கிறது. அஞ்ச வேண்டாம், அது உங்கள் இரத்த ஓட்டமே!

திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் அல்ல. பெரும்பாலும் கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு. விலகிச் செல்வது நீலம்.

தோட்டக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் நீர் பீறிடுகிறதல்லவா? அதுபோல், தமனி குறுகிய இடத்தில் இரத்தத்தின் வேகம் கூடும். அந்த வேகத்தைக் கொண்டே அடைப்பின் அளவை மதிப்பிடுகிறார்கள். சிரையையோ கருவியால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை தட்டையாகிவிடும். உள்ளே உறைகட்டி இருந்தால் தட்டையாகாது. ஆகவே, அழுத்துவதும் சோதனையின் ஒரு பகுதியே. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். வயிற்றுக் குழாய்களைப் பார்ப்பதானால் மட்டும் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்.

அம்மாளின் சிரை தட்டையாகவில்லை. அன்றே மருந்து தொடங்கினார்கள். அன்றிரவு காலை உருவிவிட அவர் நல்லெண்ணெய் எடுத்து வைத்திருந்தாராம்! ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.